வீட்டில் ஒருவருக்குப் பார்கின்சன் என்றால்: முதல் ஓராண்டில் செய்து முடிக்க வேண்டியவை

அப்பாவுக்கோ மாமியாருக்கோ பார்கின்சன் என்று டாக்டர் சொன்ன அன்று கையில் கிடைப்பது ஒரு மருந்துச் சீட்டும் "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்ற வார்த்தையும்தான். அந்த மூன்று மாதத்தில் வீட்டில் என்ன செய்வது என்று விளக்க ஓ.பி.யில் யாருக்கும் நேரம் இருக்காது. அந்த இடைவெளிக்குத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் வசிக்கும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. மாத்திரையின் பெயரையும் அளவையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதைச் சுற்றியுள்ள மற்ற வேலைகளெல்லாம் வீட்டின் பொறுப்பு.

பார்கின்சன் என்பது உடம்பின் அசைவை மந்தமாக்கும் மூளை நோய். அதை அடியோடு போக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. இருந்தும் பலர் ஆண்டுக்கணக்கில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நடமாடுகிறார்கள். அப்படி நடமாடுவதற்கு இரண்டு விஷயங்கள் பெரிதும் உதவுகின்றன. ஒன்று, மாத்திரை தினமும் குறித்த நேரத்துக்கு உள்ளே போக வேண்டும். இன்னொன்று, கையெழுத்து நேராக நிற்கும்போதே காகித வேலைகளை முடித்துவிட வேண்டும். இரண்டாவதை அநேகமாக எல்லாக் குடும்பங்களும் தள்ளிப்போடுகின்றன.

1. நோய் இதுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பார்கின்சனைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. நரம்பியல் டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்து, விரல் தட்டச் சொல்லி, நடக்க விட்டு முடிவு செய்வார். அசைவு மந்தமாகியிருக்க வேண்டும். அதோடு நடுக்கமோ தசை இறுக்கமோ சேர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். கை உதறினாலே பார்கின்சன் என்பது தவறு. உதறலே இல்லாமலும் பார்கின்சன் வரும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது வேறு நோய் இல்லை என்று பார்ப்பதற்காக. ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்ததும் நோய் இல்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பார்கின்சனில் எம்.ஆர்.ஐ. நார்மலாகத்தான் இருக்கும். மூளையைப் படமெடுக்கும் டிரோடாட் ஸ்கேன் என்று ஒன்று பெரிய நகரங்களில் இருக்கிறது, செலவும் அதிகம். டாக்டருக்கே சந்தேகம் இருந்தால் ஒழிய அது தேவைப்படாது.

இந்தக் கட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, கடந்த ஓராண்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோவது. ஏனென்றால் சில மாத்திரைகளே பார்கின்சன் போன்ற அறிகுறிகளை உண்டாக்கும். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநோய்க்கான ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகள் ஆகியவை இந்த வகை. எல்லாவற்றையும்விடக் கண்ணில் படாமல் தப்பிப்பது லெவோசல்பிரைடு. வாயு, நெஞ்செரிச்சலுக்குத் தரும் காப்ஸ்யூல்களில் பான்டோப்ரசோலோடும் ரபிப்ரசோலோடும் சேர்ந்து வரும். "கேஸ் மாத்திரைதானே" என்று மாதக்கணக்கில் கடையிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். மருந்தால் வந்ததென்றால் அதை நிறுத்திய பிறகு சரியாக வாய்ப்பு உண்டு. ஆனால் வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். நிறுத்துவதையும் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

முதல் ஆண்டிலேயே அடிக்கடி விழுவது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுகுவது, தொடக்கத்திலேயே மறதியோ இல்லாத உருவங்கள் தெரிவதோ இருப்பது, பார்கின்சனின் முதன்மை மருந்தான லெவோடோபாவைப் போதிய அளவு கொடுத்தும் கொஞ்சமும் மாற்றம் இல்லாதது. இவற்றில் ஏதாவது இருந்தால் அது பார்கின்சனின் உறவுக்கார நோய் ஒன்றாக இருக்கலாம். டாக்டர் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

2. மாத்திரை அட்டவணை

முதன்மையான மருந்து லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை. விலை அதிகமில்லை. சிக்கல் அதன் எண்களில்தான் வரும். 100 மி.கி. லெவோடோபாவுடன் 10 மி.கி. கார்பிடோபா சேர்ந்தது ஒன்று. 100 உடன் 25 சேர்ந்தது இன்னொன்று. 250 உடன் 25 சேர்ந்தது மற்றொன்று. அட்டையில் இவை 110, 125, 275 என்று இருக்கும். இவை தவிர மெதுவாகக் கரையும் சி.ஆர். வகையும் உண்டு.

கடையில் 125 இல்லையென்றால் "110 இருக்கு சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்று கொடுத்துவிடுவார்கள். ஒன்று அல்ல. லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் வீணாகாமல் தடுப்பது கார்பிடோபா. அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. வரை கார்பிடோபா தேவை. 125 மூன்று வேளை என்றால் 75 மி.கி. வந்துவிடும். 110 மூன்று வேளை என்றால் வெறும் 30 தான். விளைவு, குமட்டல் அதிகமாகும், மருந்தும் சரியாக ஏறாது. "இந்த மாத்திரை ஒத்துக்கலை" என்று கைவிடும் கதைகளில் சில இப்படித் தொடங்குபவை. பில் போடும் முன் எண்ணைப் பாருங்கள். சி.ஆர். என்ற எழுத்து சீட்டில் இருந்தால் அட்டையிலும் இருக்க வேண்டும், சீட்டில் இல்லையென்றால் அட்டையிலும் இருக்கக் கூடாது. சி.ஆர். மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

அடுத்தது நேரம். சீட்டில் 1-1-1 என்று எழுதியிருந்தால் வழக்கம்போல் காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்குப் பின் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்தோ போட வேண்டும். ஒரு வீட்டு அட்டவணை இப்படி அமையலாம்:

காலை 6.30 மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீருடன். 7.15க்குக் காபி. 8 மணிக்கு டிபன்.
11.45 மாத்திரை. 12.30க்குச் சாப்பாடு.
மாலை 5 மணி மாத்திரை. 5.45க்கு டீ, பிஸ்கட்.
இரவு 8 மணிக்குச் சாப்பாடு.

மாத்திரையைக் காபியோடோ பாலோடோ விழுங்கக் கூடாது. பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம் செரித்து வரும்போது, குடலிலும் மூளைக்குள் நுழையும் வாசலிலும் லெவோடோபாவோடு போட்டி போடும். போட்டியில் மாத்திரை தோற்றால் கால் நகராது. தொடக்க நிலையில் பலருக்கு இது தெரியாது. சில ஆண்டுகள் கழித்து, "மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டா மாத்திரை வேலையே செய்ய மாட்டேங்குது" என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். அப்போது புரதத்தைக் குறைக்காமல் இடம் மாற்றுங்கள். பகலில் இட்லி, ரசம், காய் என்று வைத்துக்கொண்டு சுண்டல், முட்டை, மீன், பனீர், பால் ஆகியவற்றை ராத்திரிக்குத் தள்ளுங்கள். முழுக்க நிறுத்தினால் எடை இறங்கிவிடும். பார்கின்சனில் எடை தானாகவே குறையும், நாமும் சேர்ந்து குறைக்க வேண்டாம்.

முதல் சில வாரங்களில் வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு ரஸ்க்கோடு கொடுக்கலாம். புரதம் குறைவான எதுவும் சரி. வாந்திக்கு மருந்து தேவைப்பட்டால் டாம்பெரிடோனா ஆன்டன்செட்ரானா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மெட்டோகுளோப்ரமைடு வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஒரு வேளை தவறிவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் திடீரென்று மொத்தமாக நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சல், விறைப்பு, நினைவுக் குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும். பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவு, ஆனால் உங்கள் எண் கிடைக்கிறதா என்று தீரும் முன்பே கேட்டு வையுங்கள்.

பூனைக்காலி விதைப் பொடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனால் அது "வேலை செய்யும்" என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஸ்பூனில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களால் அளக்க முடியாது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு கூடி உடம்பு முறுக்குவதும் தலை ஆடுவதும் குழப்பமும் வரும். டாக்டருக்குத் தெரியாமல் வீட்டில் பொடி ஓடிக்கொண்டிருந்தால் அவர் போடும் கணக்கெல்லாம் தப்பாகும்.

பார்கின்சனுக்குத் தரும் மற்ற மாத்திரைகளில் இரண்டைக் கவனித்துப் பாருங்கள். டிரைஹெக்ஸிஃபெனிடில் மலிவானது, நடுக்கத்துக்கு நல்லது. ஆனால் வயதானவர்களுக்கு மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கலைக் கொண்டுவரும். எழுபது வயதுக்காரருக்கு எழுதியிருந்தால் அவசியமா என்று கேளுங்கள். இன்னொன்று பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் வகை. இவை சிலரைக் கட்டுப்பாடில்லாத பழக்கத்துக்குள் தள்ளிவிடும். இதுவரை சீட்டே தொடாதவர் இரவெல்லாம் போனில் ரம்மி ஆடுவார், தேவையில்லாமல் பொருள் வாங்கிக் குவிப்பார், பாலுணர்வு வழக்கத்துக்கு மீறிப்போகும். வெட்கத்தால் குடும்பத்தினர் இதை மறைக்கிறார்கள். இது குணக்கேடு அல்ல, மருந்தின் விளைவு. அளவை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். வங்கிக் கணக்கின் எஸ்.எம்.எஸ். வீட்டில் இன்னொருவர் போனுக்கும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்கின்சனுக்கே தரும் ரசகிலின், செலகிலின் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு வலிக்கான டிராமடாலும், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் கலந்த இருமல் சிரப்பும் ஆகாது. இருமல் சிரப்பை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை என்பதுதான் இதில் தொல்லை.

3. டாக்டரிடம் போகும் முன் ஐந்து நாள் குறிப்பு

சில ஆண்டுகளில் மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரும் முன்பே இறங்கத் தொடங்கும். அதைச் சரிசெய்ய டாக்டருக்குத் தேவை நேரக் கணக்கு. "பரவாயில்லை டாக்டர், அப்படியே இருக்கு" என்று சொன்னால் சீட்டும் அப்படியே இருக்கும்.

நோட்டில் காலை 6 முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒரு கட்டம் போடுங்கள். நன்றாக நடமாடினால் "ந", இறுகிப்போனால் "இ", உடம்பு தானாக முறுக்கி ஆடினால் "ஆ". மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் ஓரத்தில் குறியுங்கள். போவதற்கு முந்தைய ஐந்து நாளுக்கு எழுதினால் போதும். கூடவே இரண்டு வீடியோ எடுங்கள். மாத்திரைக்கு முன் நாற்காலியிலிருந்து எழுந்து நடப்பது ஒன்று, மாத்திரை ஏறியபின் அதே நடை இன்னொன்று. ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும்போது மனிதர் தன் நல்ல நேரத்தில் இருப்பார், டாக்டர் காண்பது அதை மட்டுமே.

"இ"க்கும் "ஆ"வுக்கும் வேறுபாடு தெரியாமல் இரண்டையும் "நடுக்கம்" என்று எழுதினால் சிகிச்சை நேர் எதிராகப் போய்விடும். ஒன்றுக்கு மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும், மற்றதற்குக் குறைக்க வேண்டியிருக்கும்.

4. வீட்டை மாற்றுவது

பெரிய செலவு தேவையில்லை. முதலில் கழிப்பறை. தரையோடு உள்ள கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாது. மேற்கத்திய வகை வைக்க இடமில்லையென்றால் நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் கமோடு நாற்காலியைப் பழைய கழிப்பறை மேலேயே போடலாம். பக்கத்துச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி ஒன்று. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது சுவரோடு பெயர்ந்து வரும், அதற்குக் கனம் தாங்கும் திறன் கிடையாது.

தரையில் கிடக்கும் மிதியடி, சின்னப் பாய், சார்ஜர் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பக்கம் பட்டை உள்ளதாக வாங்குங்கள். வேட்டி காலில் சுற்றிக்கொள்ளும். இடுப்பில் எலாஸ்டிக் உள்ள பைஜாமாவும் அம்மாக்களுக்கு நைட்டியும் போதும். உட்கார, கை வைத்த உயரமான நாற்காலி. சோபாவில் புதைந்தால் எழ ஆள் வேண்டும்.

வாசற்படியிலோ அறைத் திருப்பத்திலோ கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அந்த நேரத்தில் கையைப் பிடித்து முன்னால் இழுப்பதுதான் எல்லாரும் செய்வது. உடம்பு வரும், கால் வராது, முகம் குப்புற விழுவார். இழுக்காதீர்கள். நிற்கட்டும், மூச்சு விடட்டும், உடம்பை ஒரு பக்கம் சாய்த்து எடையை மாற்றட்டும். பிறகு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள், அல்லது உங்கள் பாதத்தை அவர் காலுக்கு முன் குறுக்கே வைத்துத் தாண்டச் சொல்லுங்கள். அடிக்கடி நிற்கும் இடத்தில் ஓர் அடி தூரத்துக்கு ஒன்றாகப் பளிச்சென்ற நிற டேப் ஒட்டினால் அதைத் தாண்டித் தாண்டிக் கால் நகரும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் டம்ளரும் கொடுக்காதீர்கள்.

உடற்பயிற்சி மருந்துக்குச் சமமான இடத்தில் உள்ளது. வாரம் 150 நிமிடம் இலக்கு. மாத்திரை ஏறியிருக்கும் நேரத்தில் நடை, நீட்டி மடக்குதல், சத்தமாக வாசித்தல். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

5. நடுக்கம் தவிர்த்த தொல்லைகள்

ரத்த அழுத்தம்: ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மீண்டும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். பத்து வருடமாகச் சாப்பிட்டு வரும் பி.பி. மாத்திரை இப்போது அதிகமாகியிருக்கலாம். எழுந்ததும் மயங்கி விழுவதற்கு இது பெரிய காரணம்.

மலச்சிக்கல்: வெறும் அசௌகரியம் என்று விடாதீர்கள். வயிறு மந்தமானால் மாத்திரை குடலுக்கே போய்ச் சேராது. தண்ணீர், கீரை, இசப்கோல், தேவைப்பட்டால் லாக்டுலோஸ். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு இசப்கோல் கொடுத்தால் அடைப்பு கூடும்.

விழுங்குதல்: சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் கரகரப்பு, காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவை உணவு மூச்சுக்குழலுக்குள் போவதன் அடையாளம். தண்ணீரும் ரசமும்தான் அதிகம் புரையேறும், கெட்டியான கஞ்சி அவ்வளவு ஏறாது. நிமிர்ந்து உட்காரட்டும், சின்ன வாயாக, டிவி இல்லாமல். பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளரை ஒருமுறை பாருங்கள்.

தூக்கத்தில் கத்துவது, உதைப்பது பார்கின்சனோடு வருவதுதான். கட்டிலைச் சுவரோரம் போட்டு, பக்கத்து மேசையை நகர்த்துங்கள். இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள் என்றால் முதலில் சிறுநீர்த் தொற்று, புதிதாகச் சேர்ந்த மாத்திரை இரண்டையும் பாருங்கள். பேய், செய்வினை என்று அலைவதில் வாரங்கள் போகும். மனச்சோர்வும் நோயின் பகுதி. "அப்பா யார்கிட்டயும் பேசறதில்லை" என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய பட்டியலில் சேருங்கள்.

6. கையெழுத்து நிற்கும்போதே

பார்கின்சனில் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். வங்கியில் முப்பது வருடத்துக்கு முன் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாமல் செக் திரும்பும் நாள் வரும். அதற்குள் இவற்றை முடியுங்கள்:

தனிக் கணக்கை மனைவியோ பிள்ளையோ சேர்ந்த கூட்டுக் கணக்காக்கி, "இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் மாற்றுங்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற முறையில் இருந்தால் பயனில்லை. வைப்புத்தொகை ரசீதுகளுக்கும் இதையே செய்யுங்கள், அவை தனியாக மறந்துபோகும். புதிய மாதிரிக் கையெழுத்தும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையெழுத்தே போட முடியாத நிலை வந்தால் கைநாட்டு செல்லும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இப்படிச் சொல்கிறது. கவுண்டரில் "முடியாது" என்றால் மேலாளரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் வீட்டுக்கே வந்து தரும் வங்கிச் சேவையைக் கேட்கலாம்.

ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றுக்குக் கைரேகை பதியாவிட்டால் ஜீவன் பிரமாண் செயலியில் முகப் பதிவு இருக்கிறது. தபால்காரரையும் வீட்டுக்கு வரவழைக்கலாம்.

பொது அதிகாரப் பத்திரம் எழுதி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். நம் நாட்டுச் சட்டப்படி, கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்தால் அந்தப் பத்திரமும் செல்லாது. எப்போது தேவைப்படுமோ அப்போதுதான் கைவிடும். பிறகு சொத்தையோ பணத்தையோ கையாள, பாதுகாவலராக நியமிக்கக் கோரி உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். மறதி இதுவரை இல்லையென்றால் உயிலை இப்போதே எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எழுதும் நாளில் அவர் தெளிவாக இருந்தார் என்று டாக்டரிடம் ஒரு சான்றும் வாங்கி இணைத்தால் பின்னாளில் உறவுக்குள் சண்டை வராது.

7. அடையாள அட்டை, உதவித்தொகை, வரிச் சலுகை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்கின்சனும் ஒன்று. "கை கால் இருக்கே, உங்களுக்கு எதுக்கு" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

முதலில் யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அல்லது இ-சேவை மையத்தில். தேவை: ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், முகவரிச் சான்று, வேலை செய்யும் செல்போன் எண். அட்டைக்கு அரசுக் கட்டணம் இல்லை. குறைபாட்டு வகையைத் தேர்வு செய்யும் இடத்தில் பார்கின்சன் நோய் என்றே தேர்ந்தெடுங்கள். ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதியோடு ஓர் எழுத்து மாறினாலும் இழுபறிதான்.

பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்க்கும். முகாம் நடக்கும் கிழமை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுப் போங்கள். எடுத்துப்போக வேண்டியவை: நரம்பியல் டாக்டரின் கடிதம், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், பழைய சீட்டுகள், மூன்றாம் தலைப்பில் சொன்ன நோட்டும் வீடியோவும். கடிதத்தில் வெறும் நோய்ப் பெயர் போதாது. எதைத் தனியாகச் செய்ய முடியவில்லை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இறுகிப்போகிறார், எத்தனை முறை விழுந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். குழு குறிக்கும் பாதிப்பு அளவில் 40 விழுக்காடு என்பதுதான் சலுகைகளுக்கான எல்லைக்கோடு. அட்டையின் நிறம் பார்த்தே புரியும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். விண்ணப்பித்ததிலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம் என்று கணக்கு வையுங்கள். தற்காலிகச் சான்று கொடுத்தால் முடியும் தேதியை நாள்காட்டியில் குறியுங்கள்.

அட்டை வந்ததும் அதே நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் பார்கின்சன் உள்ளவர்களுக்கென இந்தத் திட்டம் உண்டு, மாதம் 2,000 ரூபாய். அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலும் அசலும் வேண்டும். உடனே பணம் வராது. நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஏற்கெனவே முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்கள் எதை வைத்துக்கொள்வது என்பதை அங்கேயே கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

வருமான வரியில் 80டிடிபி என்று அறியப்படும் கழிவு, பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும். நோயாளிக்கு 60 வயது ஆகியிருந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை, இல்லையென்றால் 40,000 வரை, உண்மையில் செலவான தொகைக்கு. காப்பீட்டில் திரும்பக் கிடைத்ததைக் கழித்துவிட வேண்டும். இதற்கும் 40 விழுக்காடு பாதிப்பு சான்றாக வேண்டும். தனியார் என்றால் நரம்பியலில் டி.எம். படித்தவரின் சீட்டு, அதில் அவர் பதிவு எண்ணும் நோயாளியின் வயதும் நோயின் பெயரும் இருக்க வேண்டும். மருந்துக் கடை பில்லில் நோயாளியின் பெயர் போட்டு வாங்கும் பழக்கத்தை முதல் மாதமே தொடங்குங்கள்.

8. மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை

மாத்திரை ஏறியிருக்கும் நேரத்தில் நன்றாக இருந்து, இறங்கும்போது மோசமாகி, மாத்திரை மாற்றங்களால் சரிசெய்ய முடியாதவர்களுக்கு இது உதவும். லெவோடோபாவுக்கே அசையாத அறிகுறிகள் இதற்கும் பெரும்பாலும் அசையாது, நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மறதி நோய் தொடங்கியவர்களுக்கு ஏற்றதல்ல. செலவு பல லட்சம். கேட்க மறப்பது பேட்டரி: சார்ஜ் செய்ய முடியாத வகையைச் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும், அதற்கும் மீண்டும் லட்சங்கள். காப்பீடு அந்த இரண்டாவது செலவையும் ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா போன்ற இடங்களில் இரண்டாம் கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

9. வேறு எதற்காவது மருத்துவமனையில் சேர்க்கும்போது

இடுப்பு எலும்பு முறிவு, காய்ச்சல், கண்புரை என்று எதற்காகச் சேர்த்தாலும் வார்டில் மாத்திரை "காலை 8, மதியம் 2, இரவு 8" என்ற பொது அட்டவணைக்கு மாறிவிடும். ஒரே நாளில் நடந்தவர் படுக்கையோடு ஆகிவிடுவார், "வயசாயிடுச்சு" என்பார்கள். வீட்டு மாத்திரையைக் கொண்டுபோய், பணியில் உள்ள டாக்டரிடம் காட்டி, நேரத்தை வார்டு சீட்டில் எழுத வையுங்கள். அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால், ஒரு வாய் தண்ணீரோடு இந்த மாத்திரை மட்டும் கொடுக்கலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முதல் நாளே கேளுங்கள். மூக்கில் குழாய் போட்டால் சாதாரண வகையைக் கரைத்துக் குழாய் வழியே கொடுக்க முடியும், சி.ஆர். வகைக்கு மாற்று எழுதி வாங்க வேண்டும். இரவில் குழம்பிக் கத்தினால் ஹாலோபெரிடால் ஊசி போடுவது வார்டுகளில் வழக்கம். பார்கின்சனுக்கு அது ஆகவே ஆகாது.

இதையெல்லாம் நள்ளிரவில் மாறி மாறி வரும் டியூட்டி டாக்டர்களிடம் வாயால் சொல்லி முடியாது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு நகல் எடுங்கள். ஒன்று கேஸ் ஃபைலில், ஒன்று கட்டில் தலைமாட்டில்:

"இவருக்குப் பார்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை (100+25) காலை 6.30, 11.45, மாலை 5. அரை மணிக்கு மேல் தாமதிக்க வேண்டாம், நிறுத்த வேண்டாம். கொடுக்கக் கூடாதவை: மெட்டோகுளோப்ரமைடு, லெவோசல்பிரைடு, ஹாலோபெரிடால். விழுங்கும்போது புரையேறும், நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுக்கவும். நரம்பியல் டாக்டர் பெயர், தொலைபேசி: ........ வீட்டில் அழைக்க: ........"

ரசகிலின் அல்லது செலகிலின் சாப்பிடுபவராக இருந்தால் "டிராமடால், பெத்திடின் கூடாது" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். சீட்டு மாறும்போதெல்லாம் இந்தத் தாளையும் மாற்றி எழுதி, தேதி போட்டு, பழையதைக் கிழித்துப் போடுங்கள்.